பையை அடுக்கியது யார்?

செக்-இன் கவுண்டரில் கேட்கிற கேள்விகளில் நாம் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொல்கிற கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பை உங்களுதுதானே? நீங்களே அடுக்குனதுதானே? வேற யாராச்சும் எதையாவது குடுத்து விட்டிருக்காங்களா?"

"எல்லாம் என்னுதுதானுங்க" என்று சொல்லிவிட்டு போர்டிங் பாஸுக்குக் கையை நீட்டிவிடுவோம்.

ஆனால் நிஜ நிலவரம் என்ன? கோவையிலிருந்து சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி என்று நேராகவோ, சென்னை, பெங்களூரு, கொச்சி வழியாகவோ வெளிநாடு போகிற ஒருவரின் பெட்டியைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்ட கொள்ளுப் பொடியும் பருப்புப் பொடியும் இருக்கும். மாமன் மகனுக்கு நெய் டப்பா. யாரோ ஒரு பெரியவர், "கண்ணு, இந்த மாத்தர மட்டும் எம்பையன்கிட்ட சேத்திரு சாமி, அங்கெல்லாம் வெல சாஸ்தியாமா" என்று கொடுத்த ஒரு கவர். பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் பக்கம் ஒருவர் வெளிநாடு கிளம்புகிறார் என்றால் அது ஊருக்கே ஒரு தபால் வண்டி கிளம்புகிற மாதிரி. வாங்கிக்கொண்டு போகாதவரைப் பற்றி, "ரெண்டு கிலோ தூக்க அவனுக்குக் கனக்குதாமா" என்று பேச்சு வரும்.

இந்தப் பழக்கத்தில் நல்ல குணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விமான நிலையம் முற்றிலும் வேறொரு கணக்கில் இயங்குகிற இடம். ஒரு பைக்கு ஒரு ஆள், அதனுள் இருக்கும் எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு என்பதுதான் அங்கே கணக்கு. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, பயணிக்கு அதனால் என்ன ஆகும் என்பதைத் தேடிப் படித்துத் தொகுத்த குறிப்புகள் இவை.

மீனம்பாக்கம், 1984

இந்தக் கதையின் ஒரு முக்கியமான அத்தியாயம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கு ஒரு பயணி பெட்டிகளைச் செக்-இன் செய்தார். ஆனால் அவர் விமானம் ஏறவில்லை. ஆள் இல்லாத அந்தப் பெட்டிகள் விமானத்தில் போகாமல் சுங்கப் பகுதியில் வைக்கப்பட்டன. அங்கேயே வெடித்தன. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையை நோக்கிக் குறிவைத்த சதி, தமிழ் ஈழ ராணுவம் என்ற சிறு ஆயுதக் குழுவின் வேலை என்று வழக்கு நடந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இரண்டு. ஆள் ஏறாததால் பெட்டி விமானத்தில் போகவில்லை, அதனால் நடுவானில் ஒரு விமானம் தப்பித்தது. ஆனால் ஆள் இல்லாத பெட்டியைக் கீழே வைத்திருப்பதும் ஆபத்துதான் என்பதைக் கீழே நின்றவர்கள் உயிரைக் கொடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கு ஏர்போர்ட்டில் நீங்கள் பையை நாற்காலியில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனால், திரும்பி வருவதற்குள் சி.ஐ.எஸ்.எஃப். வீரர் ஒருவர் "இது யாருது?" என்று கேட்டுக்கொண்டு நிற்பாரே, அது அவருடைய கெடுபிடி குணத்தால் அல்ல.

ஒரு கவுண்டர் ஊழியர் இரங்கியதால்

மீனம்பாக்கம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1985 ஜூன் 22, கனடாவின் வான்கூவர். எம். சிங் என்ற பெயரில் டிக்கெட் வைத்திருந்த ஒருவர் கவுண்டருக்கு வந்தார். டொரோண்டோ வரை அவருக்கு இடம் உறுதி. அங்கிருந்து டெல்லி செல்லும் ஏர் இந்தியா விமானத்தில் வெயிட்டிங் லிஸ்ட்தான். ஆனாலும் பெட்டியை நேராக டெல்லிக்கே போட்டுவிடச் சொன்னார். விதிப்படி முடியாது என்றார் ஊழியர். அவர் விடாமல் வாதாடினார், பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் ஊழியர் இரங்கி டேக் போட்டுவிட்டார்.

பெட்டி போனது. ஆள் ஏறவில்லை. டொரோண்டோவில் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் அன்று பாதியில் பழுதாகி, கையில் பிடிக்கும் மோப்பக் கருவியை வைத்து ஒப்பேற்றினார்கள். மறுநாள், ஜூன் 23, அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் 'கனிஷ்கா' விமானம் வெடித்துச் சிதறியது. 329 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்து, சாமான் ஏற்றி இறக்கும் தொழிலாளிகள் இரண்டு பேர் இறந்தார்கள். அதுவும் வான்கூவரிலிருந்து ஆள் இல்லாமல் வந்த பெட்டிதான்.

இதற்குப் பிறகுதான் ஆளையும் பையையும் ஒத்துப் பார்ப்பது உலகம் முழுக்க இறுக்கமான விதியானது. இந்தியாவில் 1978இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குள் ஒரு பிரிவாகத் தொடங்கிய சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் (பி.சி.ஏ.எஸ்.), கனிஷ்காவுக்குப் பிறகு 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறையானது. பாதுகாப்பு விதிகளை வகுப்பது இந்தப் பணியகம்தான். சி.ஐ.எஸ்.எஃப். விமான நிலையங்களுக்கு வந்தது அதற்குப் பின்னால், காந்தஹார் கடத்தலுக்கு அடுத்து, 2000ஆம் ஆண்டில்.

1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பீ ஊருக்கு மேல் பான் ஆம் 103 விமானம் வெடித்து 270 பேர் இறந்தார்கள். அதுவும் ஆள் இல்லாமல் ஏறிய ஒரு சூட்கேஸ். அதற்குள் ஒரு ரேடியோ கேசட் ரெக்கார்டர், அதற்குள் வெடிமருந்து. விதி எழுதி வைத்தால் போதாது, ஒவ்வொரு பைக்கும் அதை நிஜமாகவே செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"யார் கொடுத்தது?" என்று கேட்பது எதற்கு

சரி, ஆள் ஏறாத பையைத் தடுத்துவிடலாம். ஆள் ஏறுகிறார், ஆனால் பையில் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது என்றால்?

1986 ஏப்ரல் 17, லண்டன் ஹீத்ரோ. கர்ப்பிணியான ஓர் அயர்லாந்துப் பெண், டெல் அவிவ் செல்லும் எல் அல் விமானத்துக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் கொடுத்த பை கையில். இஸ்ரேலியப் பாதுகாப்பு ஊழியர்கள் அவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். எங்கே தங்கப் போகிறீர்கள், யார் டிக்கெட் எடுத்தது, பையை யார் தந்தது என்று. பதில்கள் சரியாகப் பொருந்தவில்லை. பையைக் காலி செய்து தூக்கிப் பார்த்தார்கள். வெறும் பை ஏன் இவ்வளவு கனம்? அடித்தட்டைப் பிரித்தால் செம்டெக்ஸ் வெடிமருந்து. விமானத்தில் ஏறவிருந்தவர்கள் 370க்கும் மேல். அந்தப் பெண்ணும், வயிற்றில் இருந்த குழந்தையும் சேர்த்துத்தான். பையைக் கொடுத்த நெசார் ஹிந்தாவிக்கு 45 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்பது உறுதியானது.

அன்று பிடித்தது இயந்திரம் அல்ல, கேள்வி. "யார் அடுக்கியது, யாராவது கொடுத்தார்களா" என்ற கேள்வி இப்போது சடங்கு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதன் உள்ளே இருப்பது இதுதான்: கெட்ட எண்ணமே இல்லாத ஒருவரை, அவர் நம்புகிற ஒருவர் வழியாகவே பயன்படுத்திக்கொள்ள முடியும்.

டேக்கில் இருக்கும் பத்து எண்கள்

இன்றைக்கு ஆளையும் பையையும் சேர்த்துக் கட்டுவது, கைப்பிடியில் ஒட்டும் அந்தக் காகித டேக். அதில் பார்கோடுடன் பத்து இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் டேக்கின் வகை, அடுத்த மூன்று விமான நிறுவனத்தின் குறியீடு, கடைசி ஆறு உங்கள் பையின் வரிசை எண். இந்த எண் உங்கள் பெயரோடும் இருக்கையோடும் கணினியில் இணைந்திருக்கிறது. 2018 ஜூன் முதல், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் (ஐயாட்டா) விதிப்படி நான்கு இடத்தில் பையின் நடமாட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும்: பயணியிடம் வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, வேறு விமானத்துக்கு மாற்றும்போது, திருப்பிக் கொடுக்கும்போது.

நீங்கள் செக்-இன் செய்துவிட்டு கேட்டுக்கு வரவில்லை என்றால் உங்கள் பையைக் கீழே இறக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட பைகளில் அந்த ஒன்றைத் தேடி எடுக்கிறவரை விமானம் கிளம்பாது. "ஒரு பயணியின் உடைமைகளை இறக்குவதால் தாமதம்" என்று அறிவிப்பு வந்தால் எரிச்சல்படாதீர்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். வழியில் தவறிப்போன பை இரண்டு நாள் கழித்து அடுத்த விமானத்தில் தனியாக வருகிறதே, அது எப்படி? பை பிரிந்தது பயணியின் விருப்பத்தால் நடக்கவில்லை, நிறுவனத்தின் தவறால் நடந்தது என்று தெரிந்தால், கூடுதலாகச் சோதித்துவிட்டு அனுப்ப விதியில் இடம் உண்டு.

சட்டம் யாரைக் கேட்கும்

இதுவரை சொன்னது வெடிகுண்டுக் கதை. நம்மில் பெரும்பாலோருக்கு வரக்கூடிய ஆபத்து அதுவல்ல, போதைப்பொருளும் தங்கமும்தான். அங்கேயும் அதே கணக்கு, இன்னும் கடுமையாக.

சாதாரணக் குற்ற வழக்கில் குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. ஆனால் இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 35ஆம் பிரிவைப் பாருங்கள். பொருள் உங்கள் வசம் இருந்தது என்று நிறுவப்பட்டால், உங்களுக்கு அது தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு. சிங்கப்பூர்ச் சட்டத்திலும் இப்படியான அனுமானங்கள் உண்டு. அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தியதாகத் தீர்ப்பானால் மரண தண்டனை வரை போகும். முன்பு சிங்கப்பூர் விமானத்தில் நிரப்பக் கொடுக்கும் அட்டையிலேயே அந்த எச்சரிக்கை சிவப்பில் அச்சிட்டிருக்கும், பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

தங்கத்துக்கும் அப்படித்தான். 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் 123ஆம் பிரிவுப்படி, பிடிபட்ட தங்கம் கடத்தல் அல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு அதை வைத்திருந்தவருக்கு. 'குருவி' என்று நம் ஊரில் சொல்வது இந்த வேலைக்குப் போகிறவர்களைத்தான். அதில் தெரிந்தே போகிறவர்கள் உண்டு. ஆனால் "இந்த மிக்ஸிய மட்டும் கொண்டுபோய்க் குடுங்க தம்பி, வெளிய எங்காளு வந்து வாங்கிக்குவாரு" என்று யாரோ சொன்னதை நம்பி, மிக்ஸி மோட்டாருக்குள் தங்கம் இருப்பது தெரியாமலே குருவி ஆகிவிடுகிற ஆபத்தும் உண்டு. பிடிக்கிற அதிகாரிக்கு இரண்டு பேரும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான். கொடுத்தவரின் பெயர் பையில் எங்கேயும் எழுதியிருக்காது, டேக்கில் இருப்பது உங்கள் பெயர்.

"தெரியாதவங்க கொடுத்தா வாங்க மாட்டேன், சொந்தக்காரங்கதானே" என்பவர்களுக்காக ஒரு வழக்கு. 2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த இளம் தம்பதி கத்தாருக்குப் போனார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே நெருங்கிய உறவினர் ஒருவர், கணவரின் அத்தை. கூடவே ஒரு பொட்டலம், ஜர்தா என்று சொல்லி. தோஹாவில் பையைத் திறந்தால் 4.1 கிலோ ஹஷிஷ். இரண்டு பேருக்கும் பத்தாண்டுச் சிறை. அந்தப் பெண் அப்போது கர்ப்பிணி, சிறையில்தான் குழந்தை பிறந்தது. இந்தியாவில் குடும்பத்தார் அலைந்து, போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் விசாரித்து, வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்து, 2021 மார்ச்சில் விடுதலையானார்கள். ஒரு பொட்டலத்துக்கு ஒன்றே முக்கால் வருஷம்.

இன்னொன்று ஷார்ஜாவில் நடந்தது. 2023 ஏப்ரலில் மும்பை நடிகை ஒருவர், வெப் சீரிஸ் தேர்வு இருக்கிறது என்று நம்பி அங்கே போனார். கிளம்பும்போது "இதையும் கொண்டுபோங்க" என்று ஒரு கோப்பையைக் கையில் கொடுத்திருந்தார்கள். அதற்குள் போதைப்பொருள். அவர் குடும்பத்தின் மீதிருந்த பழைய பகைக்காகச் செய்த சதி என்று மும்பைப் போலீஸ் கண்டுபிடித்து, இரண்டு பேரைக் கைது செய்தது. அவர் மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார். ஊர் திரும்ப ஆகஸ்ட் ஆகிவிட்டது.

இந்த இரண்டு வழக்கிலும் உண்மை வெளிவந்தது, ஏனென்றால் வெளியே இருந்து தேடிப் பிடிக்க ஆட்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் அப்படி அமையாது.

கெட்ட எண்ணமே இல்லாத பொட்டலம்

இப்போது நம் ஊர்ப் பொட்டலத்துக்கு வருவோம். கொடுக்கிற அக்காவுக்கு எந்தத் தப்பான எண்ணமும் கிடையாது. ஆனாலும் சிக்கல் வரலாம்.

கொப்பரை. காங்கேயம் பக்கம் உலர்களங்களில் மலை மாதிரி குவிந்து கிடக்கும் பொருள், நமக்கு அதில் என்ன பயம்? ஆனால் ஆபத்தான சரக்குகளின் சர்வதேசப் பட்டியலில் கொப்பரைக்குத் தனி எண்ணே இருக்கிறது: ஐ.நா. 1363, வகுப்பு 4.2, அதாவது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை. எண்ணெய்ச் சத்து அதிகம். ஈரமும் சேர்ந்து மூடிய இடத்தில் அடைந்து கிடந்தால் உள்ளுக்குள்ளேயே சூடு ஏறும். கொப்பரைக் கிடங்கு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இதைச் சொல்வார்கள். அதனால் பயணிகள் பையில் கொப்பரை கூடாது. முழுத் தேங்காய்க்கும் கேபினில் பொதுவாக இடமில்லை. சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு 2022 நவம்பரில் பி.சி.ஏ.எஸ். தனியாக, குறிப்பிட்ட தேதி வரை மட்டும், விலக்கு அறிவிக்க வேண்டியிருந்தது.

கசகசா. குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். ஓபியம் எடுக்கும் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் தடை, சிங்கப்பூருக்கும் இஷ்டத்துக்கு எடுத்துப் போக முடியாது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்று, பொடியைத் தூக்கிப் போகிற உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாத்திரை. டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, டயசெபம் மாதிரியானவை பல நாடுகளில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் சொந்த மாத்திரை என்றால் மருத்துவர் சீட்டு உங்கள் பெயரில் இருக்கும், தேவையான நாடுகளில் முன்கூட்டியே அனுமதியும் வாங்கலாம். இன்னொருவர் மாத்திரைக்குச் சீட்டு இன்னொருவர் பெயரில். அதை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் என்ன சொல்வீர்கள்?

பவர் பேங்க். யாராவது "பையனுக்குப் பொறந்தநாள் பரிசு" என்று பொதி கட்டிக் கொடுத்ததை அப்படியே பெரிய பெட்டிக்குள் போடுகிறீர்கள், உள்ளே பவர் பேங்க் இருக்கிறது என்றால் வம்பு. லித்தியம் பேட்டரி கேபினில் தீப்பிடித்தால் ஆட்கள் பார்த்து அணைக்கலாம். கீழே சரக்கறையில் பிடித்தால், அங்கிருக்கும் தீயணைப்பு வாயுவால் அதன் உள்சூட்டை அடக்க முடியாது. அதனால்தான் கைப்பையில் மட்டும். அளவு 100 வாட்-மணி வரை. பவர் பேங்கில் போட்டிருக்கும் எம்.ஏ.எச். எண்ணை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட்-மணி வரும். 20,000 என்றால் 74, பரவாயில்லை. கோவைக்குப் பறக்கும் ஸ்கூட், 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையும் நிறுத்திவிட்டது.

நெய், தேன், ஊறுகாய் எல்லாம் கைப்பையைப் பொறுத்தவரை திரவக் கணக்கில்தான் வரும். சர்வதேசப் பயணத்தில் ஒரு டப்பாவுக்கு 100 மில்லிதான் அளவு. 2006 ஆகஸ்டில் லண்டனில், குளிர்பானப் பாட்டிலில் வெடிமருந்து கொண்டுபோகத் திட்டமிட்டவர்கள் பிடிபட்டதன் விளைவு அது. செக்-இன் பெட்டியில் நன்றாக மூடி வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், எக்ஸ்ரே திரையில் பொருள்களுக்கு நிறம் உண்டு. உயிர்ப்பொருள் சார்ந்தவை ஆரஞ்சு, உலோகம் நீலம், இடைப்பட்டவை பச்சை. சிக்கல் என்னவென்றால், சாப்பாடும் ஆரஞ்சு, பெரும்பாலான வெடிமருந்தும் ஆரஞ்சு. அழுத்திக் கட்டிய வெல்லமோ அல்வாவோ கனமான ஓர் ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும். பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், துணியால் துடைத்துப் பரிசோதிப்பார்கள். அது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் "இது என்ன?" என்று கேட்கும்போது "தெரியலீங்க, பக்கத்து வீட்ல குடுத்தாங்க" என்று சொல்கிற நிலையில் நீங்கள் இருக்கக் கூடாது.

நீங்கள் எதுவுமே செய்யாதபோது

எல்லாம் சரியாகச் செய்தும் மாட்டிக்கொள்ள முடியும். 2023 மார்ச்சில் பிரேசிலைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் கைதானார்கள். அவர்கள் பெயரில் டேக் போட்ட பெட்டிகளில் சுமார் 40 கிலோ கோகெய்ன். அவை அவர்கள் பெட்டிகளே அல்ல. சாவ் பாவ்லோ விமான நிலையத்தில் வேலை செய்த ஒரு கும்பல், அவர்கள் பெட்டியிலிருந்த டேக்கைப் பிய்த்து வேறு பெட்டிகளில் ஒட்டியிருந்தது. அங்கிருந்த கேமராப் பதிவுகள் வந்து சேர்ந்த பிறகே விடுதலை, 38 நாள் கழித்து.

இப்படி ஒன்றை முழுசாகத் தடுக்க நம்மால் முடியாது. நம்மால் முடிந்தது, நம் பை எது என்பதற்கு ஆதாரம் வைத்துக்கொள்வது. அதற்கு ஐந்து நிமிஷம் போதும்:

அடுக்கி முடித்ததும் திறந்த பெட்டியை ஒரு போட்டோ, மூடிய பிறகு வெளியே ஒரு போட்டோ. கவுண்டரில் எடைப் பலகையில் பெட்டி இருக்கும்போது, டேக்கும் எடையும் தெரிகிற மாதிரி இன்னொன்று. டேக்கில் போய்ச் சேரும் ஊரின் குறியீடு சரியா என்று படித்துப் பாருங்கள். போர்டிங் பாஸ் பின்னால் ஒட்டிக் கொடுக்கும் சிறு ரசீதை, பெட்டியுடன் வீடு சேரும்வரை எறியாதீர்கள். பழைய பயணத்தின் டேக்குகளைக் கிழித்துவிடுங்கள், ஸ்கேனர் குழம்பும்.

பூட்டை ரொம்ப நம்ப வேண்டாம். ஜிப்பை ஒரு பால்பாயிண்ட் பேனாவால் பிளந்து, பிறகு பூட்டைத் தொடாமலே இழுத்து மூடிவிடலாம். பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை போட்டால் திருடனை நிறுத்தாது, ஆனால் யாராவது திறந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். நகை, பணம், பாஸ்போர்ட், தினசரி மாத்திரை எல்லாம் கைப்பையில்.

பை வரவில்லை, அல்லது உடைந்து வந்தது என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் கவுண்டரில் புகார் எழுதி, எண்ணுடன் நகல் வாங்குங்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பை கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். 21 நாளில் வராத பை தொலைந்ததாகக் கணக்கு. இந்தியா 2009இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, தொகை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர் வரும். அது உச்சவரம்புதான், கையில் அப்படியே தந்துவிட மாட்டார்கள். உள்ளே என்ன இருந்தது என்று காட்ட வேண்டும். அங்கேயும் அந்த போட்டோதான் உதவும்.

எப்படி மறுப்பது

கடைசியாக இருக்கும் கஷ்டம் இதுதான். வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாதவர் "எனக்கு எடை கூடிப்போச்சு, இந்த ஒரு பையை உங்க பேர்ல போட்டுக்கறீங்களா?" என்று கேட்டால், முடியாதுங்க என்று சொல்லிவிடலாம். ஆனால் ஊரில், வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு, பொட்டலத்தை மடியிலிருந்து எடுக்கும் பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

முழுசாக மறுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஒட்டி, தைத்து, டேப் சுற்றி வருவதை மட்டும் வாங்காதீர்கள். "பெரியம்மா, ஏர்போர்ட்ல பிரிக்கச் சொல்லுவாங்க, பிரிச்சா மறுக்கா கட்ட முடியாது. நாமளே இங்க பிரிச்சு வெச்சு அடுக்கிக்கலாம்" என்று அவர் முன்னாலேயே திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, நீங்களே அடுக்குங்கள். பொடி என்றால் உள்ளே என்ன போட்டார் என்று கேளுங்கள், சமையல் பேச்சு மாதிரியே முடிந்துவிடும். மாத்திரைக்கும், பேட்டரி உள்ள பொருளுக்கும், நகைக்கும் விதிவிலக்கு வேண்டாம். "அதையெல்லாம் கொரியர்ல போட்டுருங்க, நானே விலாசம் எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். கொரியர் என்றால் அனுப்புகிறவர் பெயரும், உள்ளே இருப்பதன் பட்டியலும் அதிலேயே இருக்கும், பொறுப்பு சரியான ஆளிடம் போய்ச் சேரும். திறந்து காட்ட ஒருவர் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ இருக்கும் மகனும் மகளும் ஊருக்குப் போன் போடும்போது, "யார்கிட்டயும் எதையும் குடுத்து விடாதீங்கம்மா, இங்கயே கெடைக்குது" என்று ஒரு வார்த்தை சொன்னால், கிளம்புகிறவர் சங்கடப்பட்டு மறுக்க வேண்டிய பாதிப் பொட்டலங்கள் வீட்டை விட்டே கிளம்பாது.

விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தின் தடைப் பட்டியலையும், போகிற நாட்டின் சுங்கப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம் கவுண்டரில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, "நான்தான் அடுக்கினேன்" என்று தெரிந்தே சொல்லலாம்.